கருப்பொருளா, வினாநிரலின் தலைப்பா? பண்புசார் ஆய்வுப் பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதுகலைத் தொடர்பியல் வகுப்பில் நான்கு மாணவர்கள் கொண்ட ஒரு குழு, 15 வாரப் பருவத்தின் 9ஆம் வாரத்தில் தன் பகுப்பாய்வின் முதல் வரைவைக் கொடுக்கிறது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் வரும் உடல்நலத் தகவல்கள் பற்றிய ஆய்வு அது. எட்டு நேர்காணல்கள், 142 குறியீடுகள் (பேச்சின் துண்டுகளுக்கு இடும் சிறு பெயர்கள்), அவற்றைத் தொகுத்துப் பெற்ற ஐந்து கருப்பொருள்கள்: பயன்பாட்டு முறை, நம்பகத்தன்மை, பகிர்தல், சரிபார்த்தல், தாக்கம். அட்டவணை சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு கருப்பொருளுக்கும் கீழே இரண்டு மேற்கோள்கள். பார்த்தவுடன் நல்ல வேலை என்றுதான் தோன்றும்.

அதே குழு 3ஆம் வாரத்தில் கொடுத்த நேர்காணல் வினாநிரலை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் சிக்கல் தெரிந்துவிடும். வினாநிரலில் இருந்த ஐந்து பகுதிகளுக்கும் இதே பெயர்கள், இதே வரிசை. தாங்கள் போட்டுக்கொடுத்த தலைப்புகளே ஆறு வாரம் கழித்து முடிவுகளாகத் திரும்பி வந்திருக்கின்றன.

இந்தக் குழுவும் அதன் பங்கேற்பாளர்களும் அவர்களுடைய பேச்சும் கற்பித்தலுக்காக அமைக்கப்பட்டவை. பிழைகளோ பண்புசார் ஆய்வை முதன்முறை செய்பவர்களிடம் வழக்கமாகக் காணப்படுபவை. இடையில் வரும் ஆய்வாளர்களின் பெயர்களும் ஆண்டுகளும் உண்மையானவை. பகுப்பாய்வு பலவீனமாக இருந்தால் மாணவர்கள் பகுப்பாய்வையே திருத்தப் பார்க்கிறார்கள்: குறியீடுகளை மறுபடி அடுக்குகிறார்கள், மென்பொருளை மாற்றுகிறார்கள். இந்த நிகழ்வில் 9ஆம் வாரத்துப் பிழை 3ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டது. எனவே பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

ஆய்வுக் கேள்வி

குழு முதலில் எழுதிய கேள்வி: "குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் பரவும் பொய்யான உடல்நலச் செய்திகள் மக்களின் நடத்தையில் என்ன தாக்கத்தை ஏற்படுத்துகின்றன?"

இந்த ஒரு வரியில் மூன்று தடைகள் உள்ளன. தாக்கம் என்பது காரணத்தையும் அளவையும் கேட்கும் சொல். எட்டுப் பேரிடம் பேசி அதற்கு விடை சொல்ல முடியாது. அதற்குச் சோதனை முறையோ கணக்கெடுப்போ வேண்டும். "பொய்யான" என்பது ஆய்வாளரின் தீர்ப்பு. பங்கேற்பாளர் அந்தத் தகவலை எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. "மக்கள்" யார் என்பதற்கு எல்லையே இல்லை.

பண்புசார் ஆய்வுக்கு ஏற்ற கேள்வி பெரும்பாலும் ஒரு செயலைச் சுற்றி அமையும். மனிதர்கள் ஒன்றை எப்படிச் செய்கிறார்கள், அதற்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள், எந்தச் சூழலில் அப்படிச் செய்கிறார்கள் என்று அது கேட்கும். குழு பிறகு தன் கேள்வியை இப்படி மாற்றியது: "குடும்பக் குழுவில் வந்த உடல்நலத் தகவல் ஒன்றில் சந்தேகம் எழும்போது உறுப்பினர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள்?" இதில் தகவல் உண்மையா பொய்யா என்று ஆய்வாளர் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகப்பட்ட ஆள், சந்தேகம் வந்த தருணம், அதன்பின் அவர் செய்தது, செய்யாமல் விட்டது ஆகியவற்றைத் தேடினால் போதும்.

இரண்டாவது கேள்வி முதல் வாரத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சில நேர்காணல்களைக் கவனமாகப் படித்த பிறகே அது கிடைக்கும். பண்புசார் ஆய்வில் கேள்வி இடைவழியில் மாறுவது முறைக்குள் அடங்கியதுதான். எப்போது, எதனால் மாறியது என்று தேதியிட்டு எழுதிவைக்காமல் விடுவதே குறை.

இருபத்திரண்டு கேள்விகள்

முதல் சுற்றின் வினாநிரலில் 22 கேள்விகள் இருந்தன. "வாட்ஸ்ஆப்பை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள்?" "குழுவில் வரும் உடல்நலத் தகவல்கள் நம்பகமானவை என்று நினைக்கிறீர்களா?" "தகவலைப் பகிர்வதற்கு முன் சரிபார்ப்பீர்களா?" இவை கணக்கெடுப்புப் படிவத்தின் கேள்விகள், வாயால் கேட்டதால் மட்டும் நேர்காணல் ஆகிவிடாது. எட்டு நேர்காணல்களும் 14 முதல் 18 நிமிடங்களில் முடிந்துவிட்டன. அந்த எண்ணே ஓர் எச்சரிக்கை. 22 கேள்விகளை 16 நிமிடத்தில் முடித்தால் ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் சேர்த்து முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகவே கிடைக்கிறது. அவ்வளவு நேரத்தில் கருத்துச் சொல்லலாம். நடந்ததை விவரிக்க முடியாது.

ஒரு மாதிரி:

கேள்வி: "இந்தத் தகவல்கள் நம்பகமானவைன்னு நினைக்கிறீங்களா?"
பதில்: "எல்லாத்தையும் நம்ப மாட்டேன். சிலது உண்மையா இருக்கும், சிலது இருக்காது."

இந்தப் பதிலில் குறியிட எதுவும் இல்லை. யாரும் மறுக்க முடியாத பொதுக் கருத்து அது. மாணவர்கள் இதற்கு "நம்பகத்தன்மை: கலவையான கருத்து" என்று குறியீடு போட்டார்கள். வேறு எதையும் போட்டிருக்கவும் முடியாது. கேள்விக்குள் ஆய்வாளரின் கருத்துச்சொல் இருந்தது. பதில் அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்தது. குறியீடு அதை மறுபடி எழுதிக்கொண்டது. கடைசியில் அதுவே கருப்பொருள் என்று பெயர் பெற்றது. 9ஆம் வாரத்து அட்டவணை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

ஆய்வுக்கேள்வி வேறு, நேர்காணல் கேள்வி வேறு என்பதைப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்த வேறுபாடு கைக்குப் பழகத்தான் நாளாகிறது. ஆய்வுக்கேள்வி ஆய்வாளருக்கானது, அதில் நம்பகத்தன்மை, முகப்பணி (பிறர் முன் மதிப்பைக் காக்கும் செயல்), அதிகாரம் என்று எந்தக் கருத்துச்சொல்லும் இருக்கலாம். பங்கேற்பாளரிடம் போகும் கேள்வியில் அவை இருக்கக் கூடாது. அங்கே நாள், ஆள், செயல், சொன்ன சொல் ஆகியவையே வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ராபர்ட் மெர்ட்டனும் பாட்ரிசியா கெண்டாலும் 1946இல் குவிமைய நேர்காணல் பற்றி எழுதியபோதே இதற்கான அளவுகோல்களை வைத்துவிட்டார்கள். வானொலி, திரைப்படம் போன்ற தொடர்புச் சாதனங்களுக்கு மக்கள் காட்டிய எதிர்வினைகளை ஆராய்ந்த அனுபவத்திலிருந்து பிறந்த முறை அது. எனவே தொடர்பியலுக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து. பதிலை ஆய்வாளர் வழிநடத்தக் கூடாது, பேச்சு குறிப்பான ஒன்றைத் தொட வேண்டும், எதிர்பாராத பதில்களுக்கும் இடம் இருக்க வேண்டும், சொந்தச் சூழலோடு கூடிய ஆழம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். முதல் சுற்று வினாநிரல் இந்த நான்கில் ஒன்றைக்கூட நிறைவேற்றவில்லை.

இரண்டாம் சுற்று: ஆறு கேள்விகள், ஒரு கைபேசி

10ஆம் வாரத்தில் குழு வினாநிரலை ஆறு கேள்விகளாகக் குறைத்தது. மையக் கேள்வி இது: "உங்க குடும்பக் குழுவைத் திறந்து, உடல்நலம் பத்தி கடைசியா வந்த ஒரு தகவலைப் பாருங்க. அது வந்தப்போ என்ன நடந்ததுன்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க." பங்கேற்பாளர் தன் கைபேசியில் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தபடியே பேசுகிறார். நினைவை மட்டும் நம்பாமல் கண்முன் இருக்கும் ஒன்றிலிருந்து பேச்சு தொடங்குவதால் பொதுக் கருத்துகள் குறைந்துவிடுகின்றன.

தொடர்கேள்விகளை எழுதிவைக்கவில்லை. "அப்புறம்?", "அப்போ யார் யார் குழுவுல இருந்தாங்க?", "என்னன்னு எழுதினீங்க?", "ஏதாவது எழுதிட்டு அனுப்பாம விட்டீங்களா?" என்று நான்கைந்து வடிவங்களை மட்டும் பயிற்சி செய்துகொண்டார்கள். கடைசிக் கேள்வியிலிருந்துதான் மிக வளமான பதில்கள் வந்தன. "ஏன்" என்று நேரடியாகக் கேட்பதைத் தவிர்த்தார்கள். அந்தச் சொல் பங்கேற்பாளரைத் தன் செயலுக்கு நியாயம் சொல்ல வைக்கிறது. நடந்தது பின்னால் போய்விடுகிறது. கேள்வி முடிந்தபின் ஐந்து விநாடியாவது பேசாமல் காத்திருப்பதும் பயிற்சியில் இருந்தது. புதிய நேர்காணலாளர் மௌனத்தைத் தாங்காமல் தானே ஒரு பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவார். பங்கேற்பாளர் "ஆமா, அதான்" என்று ஒத்துக்கொள்வார். தரவு அங்கேயே கெட்டுவிடும்.

இரண்டாம் சுற்றில் கிடைத்த ஒரு பகுதி:

"பெரியப்பா அனுப்பியிருந்தாரு. வெந்நீர் குடிச்சா பிரஷர் குறையுமாம். மாத்திரையே வேண்டாமாம். நான் பாத்தேன், ஒண்ணும் எழுதல. கை கும்புடுற படம் மட்டும் போட்டேன். அப்புறம் அண்ணிக்குத் தனியா போன் பண்ணி, அவரு மாத்திரையை நிறுத்திடாம பாத்துக்கோங்கன்னு சொன்னேன்."

ஆறு வரியில் ஒரு முழு நிகழ்வு இருக்கிறது. சந்தேகம், மௌனம், மரியாதைக்கு ஒரு படம், குழுவுக்கு வெளியே ஒரு தொலைபேசி அழைப்பு, மூன்றாம் ஆள் ஒருவர். இதே பங்கேற்பாளரிடம் "சரிபார்ப்பீர்களா?" என்று கேட்டிருந்தால் "சில நேரம்" என்று சொல்லி முடித்திருப்பார்.

யாரிடம் கேட்டார்கள், யார் கேட்டார்கள்

முதல் எட்டுப் பேரும் மாணவர்களின் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள். எல்லோரும் 20 முதல் 25 வயது. எட்டுப் பேருமே தகவலைச் சந்தேகிப்பவர்கள், தாங்கள் பரப்புவதில்லை என்று சொல்பவர்கள். அனுப்புகிறவர் ஒருவர்கூட இல்லை. வசதிக்காகத் தேர்ந்த மாதிரி, நிகழ்வின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டியது.

இரண்டாம் சுற்றின் ஆறு பேரை நோக்கத்தோடு தேர்ந்தார்கள்: அடிக்கடி அனுப்பும் மூத்தவர்கள் இருவர், குழுவின் நிர்வாகி ஒருவர், குழுவை விட்டு வெளியேறியவர் ஒருவர், தனியாக அழைத்துத் திருத்துகிறவர் ஒருவர், குழுவிலேயே வெளிப்படையாக மறுக்கிறவர் ஒருவர். கடைசி இருவரைத் தேடக் காரணம் இந்தச் சுற்றின் முதல் நான்கு உரைகளில் கிடைத்த குறிப்புகள். பகுப்பாய்வு அடுத்த பங்கேற்பாளரைத் தீர்மானிக்கும் இந்த வழியைத்தான் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல் கோட்பாடு வழி மாதிரித் தேர்வு என்று வகுத்தார்கள். எல்லா நேர்காணலையும் முடித்துவிட்டு உட்கார்ந்து குறியிடுபவர்களுக்கு இது கைகூடாது.

எத்தனை பேர் போதும் என்ற கேள்விக்கு மாணவர்களிடம் "12" என்ற விடை தயாராக இருந்தது. கிரெக் கெஸ்ட், அர்வென் பன்ஸ், லாரா ஜான்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரும் எண் அது. 60 நேர்காணல்களை ஆராய்ந்து, முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டன என்று அவர்கள் காட்டினார்கள். பங்கேற்பாளர்கள் ஓரளவு ஒரே தன்மையினர், எல்லோரிடமும் ஒரேமாதிரிக் கேள்விகள் கேட்கப்பட்டன, நோக்கம் குறுகியது என்ற நிபந்தனைகள் அந்த முடிவோடு சேர்ந்தவை. நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம், அது தவறு. இந்த நிகழ்வில் முதல் எட்டு நேர்காணல்களில் "புதிதாக எதுவும் வரவில்லை" என்பது உண்மைதான். ஆனால் அது ஆழமில்லாத கேள்வியாலும் ஒரே வகை ஆட்களாலும் வந்த வறட்சி. அதைச் செறிவுநிலை (இனி எத்தனை பேரிடம் கேட்டாலும் புதிதாக எதுவும் வராத நிலை) என்று எழுதியிருந்தால் பெரிய பிழையாகியிருக்கும்.

கேட்பவர் யார் என்பதும் தரவை மாற்றுகிறது. ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் "பொய்ச் செய்தி" என்ற சொல் இருந்தது. அதைப் படித்த மூத்த பங்கேற்பாளர் ஒருவர் பேச்சின் நடுவே, "நீங்கதான் படிச்சவங்க தம்பி, நான் அனுப்புனது தப்புன்னா சொல்லிடுங்க" என்கிறார். நேர்காணல் விசாரணையாகிவிட்டது. குழு படிவத்தை மாற்றி, "உடல்நலம் பற்றிக் குடும்பக் குழுவில் வரும் தகவல்கள்" என்று எழுதியது. மூத்தவர் சொன்ன அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை, தரவாகவே வைத்துக்கொண்டது. இளையவர் கேட்கும்போது மூத்தவர் தன்னைத் தற்காத்துக்கொள்கிறார் என்பது ஆய்வுக்கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. ஆய்வாளரின் தன்னிலை பற்றி அறிக்கையில் ஒரு பத்தி எழுதச் சொன்னால், பலர் தங்கள் வயதையும் பாலினத்தையும் பட்டியலிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த மாதிரி இடத்தைக் காட்டி, அது பதிலை எப்படி வளைத்தது என்று சொல்வதே அந்தப் பத்தியின் வேலை.

ஒலியை எழுத்தாக்குதல்

ஒரு மணி நேர ஒலிப்பதிவை சொல்லுக்குச் சொல் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். முதல் சுற்றில் ஏறத்தாழ 130 நிமிடம், இரண்டாம் சுற்றில் ஆறு பேரிடம் சுமார் 50 நிமிடம் வீதம் 300 நிமிடம். மொத்தம் ஏழு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஐந்து மடங்கு என்று கொண்டால் ஏறக்குறைய 36 மணி நேர உழைப்பு, தலைக்கு ஒன்பது மணி நேரம். இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே போடாத குழுக்கள் 12ஆம் வாரத்தில் திணறும்.

முதல் சுற்றில் குழு செய்த இன்னொரு தவறு, பேச்சை எழுத்துத் தமிழாக்கியது. "குறையுமாம், மாத்திரையே வேண்டாமாம்" என்பது போன்ற இடங்கள் "குறையும் என்றும் மாத்திரை தேவையில்லை என்றும் கூறியிருந்தார்" என்று ஆகிவிட்டன. படிக்கச் சீராக இருக்கிறது, தரவு போய்விட்டது. அந்த "-ஆம்" தகவலைப் பேசுபவர் தன்னிடமிருந்து தள்ளி நிறுத்தும் கருவி. அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இந்த ஆய்வு தேடிய செயல் அந்த விகுதிக்குள்ளேயே நடக்கிறது. "அனுப்பியிருந்தாரு", "அனுப்பியிருந்தான்" என்ற மரியாதை வேறுபாடும், "ம்ம்", "அது வந்து" போன்ற தயக்கங்களும் அப்படியே. அவற்றைத் திருத்தினால் குடும்பத்துக்குள் யார் யாருக்கு எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பது அழிந்துவிடும். குழு எட்டுப் பதிவுகளையும் மறுபடி கேட்டுப் பேச்சுத் தமிழிலேயே எழுதியது.

கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய உரையாடல் ஆய்வுக் குறியீட்டு முறையில் இடைவெளியின் விநாடியையும் குரல் ஏற்ற இறக்கத்தையும்கூடக் குறிக்கலாம். இந்த ஆய்வுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. நீண்ட மௌனம், சிரிப்பு, குரல் தாழ்த்துதல் ஆகிய மூன்றை மட்டும் அடைப்புக்குறிக்குள் குறித்தார்கள். எவ்வளவு நுணுக்கம் என்பதை ஆய்வுக்கேள்வி தீர்மானிக்கட்டும்.

தானியங்கி எழுத்தாக்கக் கருவியைப் பயன்படுத்தலாமா? பேச்சுத் தமிழில் வட்டார வழக்கும் பிறமொழிச் சொற்களும் கலக்கும் இடங்களில் அது தடுமாறும். ஒவ்வொரு வரியையும் ஒலியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், பதிவு வெளிச் சேவையகத்துக்குப் போகிறது என்பது. ஒப்புதல் படிவத்தில் அதைச் சொல்லியிருக்காவிட்டால் செய்யக் கூடாது.

குறியிடல்

முதல் சுற்றின் 142 குறியீடுகளில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்கள்: நம்பிக்கை, குடும்பம், மருத்துவர், இணையம். பெயர்ச்சொல் ஒரு தலைப்பைத்தான் சொல்லும். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. கேத்தி சார்மாஸ் வலியுறுத்தியதுபோல் செயலாகக் குறியிட்டால் அதே பகுதி வேறு முகம் காட்டுகிறது. மேலே உள்ள ஆறு வரிகளுக்குக் குழு இரண்டாம் முறை போட்ட குறியீடுகள்: அனுப்பியவரின் உறவை முதலில் சொல்லுதல், "-ஆம்" போட்டுத் தள்ளி நிறுத்துதல், எழுதாமல் மரியாதை மட்டும் காட்டுதல், குழுவுக்கு வெளியே போய்த் திருத்துதல், தகவலை விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் தடுத்தல்.

கடைசிக் குறியீட்டுக்கு அருகில் ஒரு மாணவர் எழுதிய ஆய்வுக்குறிப்பு: "இவருக்குப் பெரியப்பாவின் கருத்தை மாற்றுவது நோக்கமே இல்லை. மாத்திரை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நாம் 'திருத்துதல்' என்று சொல்வது தவறோ? மற்றவர்களிடமும் இப்படியா என்று பார்க்க வேண்டும்." நல்ல ஆய்வுக்குறிப்பு இப்படித்தான் இருக்கும். மூன்று நான்கு வரி, தேதி, ஒரு சந்தேகம், அடுத்து எங்கே தேடுவது என்ற திசை. உரையைச் சுருக்கி எழுதுவது ஆய்வுக்குறிப்பு ஆகாது.

குறியீட்டேட்டில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பெயர், ஒரு வரி விளக்கம், எப்போது போடுவது, எப்போது போடக் கூடாது, ஓர் எடுத்துக்காட்டு ஆகியவை இருந்தன. "எப்போது போடக் கூடாது" என்ற கட்டம் காலியாக இருந்தால் அந்தக் குறியீடு விரைவில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முதல் சுற்றில் "நம்பகத்தன்மை" அப்படித்தான் வீங்கியது.

மதிப்பீட்டாளர்களிடையே ஒப்புமை எண் (பலர் தனித்தனியே போட்ட குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) வேண்டுமா என்பதில் குழுவுக்குள் வாக்குவாதம் வந்தது. இங்கே இரண்டு மரபுகள் உள்ளன. நிலையான குறியீட்டேட்டை வைத்துப் பலர் தனித்தனியே குறியிடும் வழியில், கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபா போன்ற அளவைக் கணக்கிடுவார்கள், 0.80 நல்லது, 0.667க்குக் கீழே போனால் முடிவு எடுக்க வேண்டாம் என்பது அவர் சொன்ன வரம்பு. விர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் ஆகியோரின் வழி வேறு. 2006இல் கருப்பொருள் பகுப்பாய்வை ஆறு கட்டங்களாக விளக்கிய அவர்கள், பிற்காலத்தில் அதைப் பிரதிபலிப்பு முறை என்று தெளிவுபடுத்தி, ஆய்வாளரின் வாசிப்பே அங்கே கருவி என்பதால் ஒப்புமை எண் பொருந்தாது என்றார்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். பிரவுனையும் கிளார்க்கையும் மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்தியில் ஒப்புமை எண்ணைக் கொடுப்பதுதான் முரண். முறையியல் பகுதியில் மிக அடிக்கடி தட்டுப்படும் முரண் இதுவே. இந்தக் குழு இரண்டாவது வழியைத் தேர்ந்தது. நால்வரும் ஒரே உரையைத் தனித்தனியே குறியிட்டு, வேறுபட்ட இடங்களை ஒரு மணி நேரம் பேசினார்கள். நோக்கம் ஒரே விடைக்கு வருவதல்ல. ஒவ்வொருவரும் எதைப் பார்க்கத் தவறினார்கள் என்று தெரிந்துகொள்வது.

14 நேர்காணல்களுக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. சாதாரண விரிதாளில் பங்கேற்பாளர் எண், வரி எண், மேற்கோள், குறியீடு, குறிப்பு என்று ஐந்து பத்திகள் போதும். எல்லாக் கோப்புகளும் ஒருங்குறியில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டிய ஒரே ஒரு உரைகூடத் தேடலுக்கு அகப்படாது. சொல் எண்ணிக்கை வசதியை நம்பிப் பகுப்பாய்வு செய்வது தமிழில் இன்னும் ஆபத்து. "அனுப்பினேன்", "அனுப்பிட்டாங்க", "அனுப்பாதீங்கன்னு" மூன்றையும் கருவி வெவ்வேறு சொற்களாகவே எண்ணும்.

கருப்பொருள் உருவான விதம், அதை உடைத்த ஒருவர்

கருப்பொருளைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: அதை ஒரு முழு வாக்கியமாக எழுத முடிகிறதா என்று பார்ப்பது. "நம்பகத்தன்மை" என்பதை வைத்து வாக்கியம் எழுத முயன்றால் "நம்பகத்தன்மை பற்றிப் பங்கேற்பாளர்கள் பலவிதமாகப் பேசினர்" என்றுதான் வரும். அது பேசுபொருளின் தொகுப்பு. பிரவுனும் கிளார்க்கும் கருப்பொருளிலிருந்து விலக்கிவைப்பது இதைத்தான். 13ஆம் வாரத்தில் குழுவிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று: தகவலை அனுப்புவது அக்கறையைக் காட்டும் செயல், அது சரியா என்பது அனுப்புபவருக்கு இரண்டாவது கேள்வி. மற்றொன்று: சந்தேகம் குழுவுக்குள் பேசப்படுவதில்லை; இடையில் ஒருவரைக் கொண்டு வெளியே கையாளப்படுகிறது.

இரண்டாவது வாக்கியத்துக்கு நேர் எதிராக நின்றார் வெளிப்படையாக மறுக்கும் அந்த ஒருவர். குடும்பத்தில் இளையவர், செவிலியர். "நான் குழுவுலயே போட்டுடுவேன், சித்தப்பா இது தப்புன்னு. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." ஒருவர்தானே என்று ஒதுக்கிவிட மாணவர்கள் முதலில் நினைத்தார்கள். எதிர்நிகழ்வை ஒதுக்குவது பண்புசார் ஆய்வில் மன்னிக்க முடியாத குறை. ஆய்வின் நம்பகம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது. எல்லா உரைகளையும் மறுபடி படித்தபோது, வேறு இருவரும் "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு இருக்கா, அவ சொன்னா கேப்பாங்க" என்ற தொனியில் பேசியிருந்தது தெரிந்தது. கருப்பொருள் திருத்தப்பட்டது: குழுவுக்குள் மறுக்கும் உரிமை வயதால் மட்டும் வருவதில்லை, தொழில் அதை இளையவருக்கும் தருகிறது, அந்த உரிமை இல்லாதவர்களே இடையாளைத் தேடுகிறார்கள். ஒரு எதிர்நிகழ்வு முந்தைய வாக்கியத்தைக் கூர்மையாக்கிவிட்டது.

இந்த நிலையில் மாணவர்கள் படித்த பழைய ஆய்வொன்று உதவியது. ஜெர்ரி பிலிப்சன் 1975இல் சிகாகோவின் உழைக்கும் வர்க்கக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி எழுதியபோது, ஆண்கள் எப்போது பேசுவது பொருத்தம், எப்போது பேச்சு பொருந்தாது என்று அந்தச் சமூகம் வகுத்திருப்பதை ஆராய்ந்தார். மௌனத்தைத் தொடர்பு இல்லாமை என்று கருதாமல், தொடர்பின் ஒரு வடிவமாக வாசிக்க அது கற்றுக்கொடுக்கிறது. கோட்பாட்டைத் தரவுக்குப் பின் கொண்டுவந்ததால் அது சட்டமாக இறுகாமல் விளக்காகப் பயன்பட்டது.

சூழலைப் பற்றி ஒரு குறிப்பு. டேவிட் மார்லி 1980இல் வெளியிட்ட பார்வையாளர் ஆய்வில் 29 குழுக்களுக்கு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் காட்டி விவாதிக்கச் செய்தார். வீட்டில் இயல்பாகப் பார்ப்பதிலிருந்து அந்தச் சூழல் விலகியிருந்தது என்ற விமர்சனத்தை ஏற்று, 1986இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் 18 குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே நேர்கண்டார். வாட்ஸ்ஆப் குழுவை ஆராய்பவர் வகுப்பறையில் குழுவிவாதம் நடத்தினால் அதே இடறல் காத்திருக்கிறது.

நெறிமுறையில் எளிதில் தவறும் இடங்கள்

கைபேசியைத் திறந்து பேசும் முறையில் பங்கேற்பாளர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்; குழுவில் உள்ள மற்றவர்கள் கொடுக்கவில்லை. எனவே திரையைப் படம் பிடிக்கவில்லை, திரையை மாணவர்கள் பார்க்கவும் இல்லை. பங்கேற்பாளர் தன் சொல்லில் சொன்னது மட்டுமே தரவு.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்பது குடும்ப ஆய்வுகளில் செல்லாது. "செவிலியரான இளைய மகள், சித்தப்பா, குழுவிலேயே மறுப்பு" என்ற மூன்று விவரமே அந்தக் குடும்பத்தார் ஒருவரையொருவர் கண்டுகொள்ளப் போதும். குழு உறவுமுறையையும் தகவலின் பொருளையும் சில இடங்களில் மாற்றியது. மாற்றியதை அறிக்கையில் சொன்னது. பகுப்பாய்வுக்குத் தேவையான மூத்தவர், இளையவர் வேறுபாட்டை மட்டும் தொடவில்லை. ஒரே குடும்பத்திலிருந்து இருவரை எடுக்கவில்லை. விலகிக்கொள்ள விரும்புவோருக்குக் கடைசித் தேதியைப் படிவத்திலேயே குறித்தது. பகுப்பாய்வு முடிந்தபின் ஒருவரின் பேச்சைப் பிரித்தெடுப்பது நடக்காத காரியம்.

அறிக்கை

முதல் வரைவில் "62.5% பேர் சரிபார்ப்பதாகக் கூறினர்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எட்டில் ஐந்து பேர். வசதிக்காகத் தேர்ந்த சிறு எண்ணிக்கைக்குச் சதவீதம் போடுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறது. "பெரும்பாலானோர்" என்பதும் அதே குடும்பம்தான். இறுதி அறிக்கை யார், எந்தச் சூழலில் என்று எழுதியது: "குழுவில் மூத்தவராகக் கருதப்படாதவர்கள்", "மருத்துவத் துறையோடு தொடர்பில்லாதவர்கள்". மேற்கோள்களின் பங்கீட்டையும் குழு எண்ணிப் பார்த்தது. நன்றாகப் பேசும் ஒருவரின் சொற்களே பாதி அறிக்கையை நிரப்பியிருந்தன. அதைக் குறைத்து மற்றவர்களின் தடுமாறும் வாக்கியங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். மேற்கோளுக்கு முன்னால் ஒரு வாக்கியம், பின்னால் ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டால் மேற்கோள் அலங்காரமாக நிற்காது. பின்னால் வரும் வாக்கியம் அந்தச் சொற்களில் எது முக்கியம் என்று சுட்ட வேண்டும்.

முதல் எட்டு நேர்காணல்களை என்ன செய்வது என்பதில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒதுக்கிவிடலாம் என்றார்கள் இருவர். மறுபடி எழுத்தாக்கியபோது அவற்றிலும் "-ஆம்" கிடைத்ததே என்றார்கள் மற்ற இருவர். கடைசியில் எட்டையும் வைத்துக்கொண்டு, அவை குறுகிய கேள்விகளால் பெறப்பட்டவை என்றும், இரண்டு கருப்பொருள்களில் எதற்கும் அவை மட்டுமே ஆதாரமாக இல்லை என்றும் முறையியல் பகுதியில் எழுதினார்கள். தரவை மறைக்காமல் அதன் எடையைச் சொல்லிவிடுவது சரியான முடிவு. ஆனால் அந்த எட்டுப் பேரில் இருவரையாவது புதிய வினாநிரலோடு மறுபடி சந்தித்திருக்கலாம். ஒப்புதல் படிவத்தில் இரண்டாம் சந்திப்புக்கு அனுமதி கேட்கும் வரி இல்லாததால் அது முடியாமல் போயிற்று.

அடுத்த பருவத்துக்கு இதே பயிற்சியை அமைப்பவர்கள் கால அட்டவணையில் ஒன்றை மாற்றினாலே போதும். 4ஆம் வாரத்தில், நெறிமுறை அனுமதி கிடைத்தவுடன், ஒரே ஒரு நேர்காணல். அதை அந்த வாரத்திலேயே எழுத்தாக்கி, குறியிட்டு, ஓர் ஆய்வுக்குறிப்பு எழுதி, வினாநிரலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது நேர்காணலுக்கு அனுமதி அதன் பிறகே. ஒப்புதல் படிவத்தில் இரண்டாம் சந்திப்புக்கான வரி முதலிலிருந்தே இருக்கட்டும்.